கணக்கைக் காட்டிய நாளிலிருந்து

(தொழிலாளர் சட்டம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. மேடையில் பேசியது அச்சுக்காகச் சுருக்கிச் செப்பமிடப்பட்டுள்ளது.)



உரை தமிழில் இருக்க வேண்டும், வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று அறக்கட்டளையினர் அழைப்புக் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். சிலர் மடியில் மஞ்சள் பை இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று தெரியும். பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, நியமன உத்தரவின் மங்கிப்போன ஜெராக்ஸ். எடுத்துக்கொண்ட பொருளும் அந்தப் பையைப் பற்றியதுதான்: வேலையை விட்டு வந்தவர், தமக்கு வர வேண்டிய பாக்கியை எத்தனை நாளைக்குள் கேட்க வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலவரம்பு வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. காலவரம்பு இருக்கலாம். ஆனால் அது பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓடக் கூடாது. எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கை முதலாளி எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும். கணக்கே கொடுக்காதவர், ‘நீ காலம் தாழ்த்தி வந்தாய்’ என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. ஒரு செட்டில்மென்ட், பல வாசல்கள்

கடைசி மாதச் சம்பளம், எடுக்காத ஈட்டிய விடுப்புக்கான காசு, போனஸ், ஓவர்டைம் பாக்கி, கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாவற்றையும் சேர்த்து ‘செட்டில்மென்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். தொழிலாளியின் மனதில் அது ஒரே தொகை. சட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலும் வேறொரு தேதி.

1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்கீழ் சம்பளப் பாக்கி கேட்க முதலில் 6 மாதம்தான் இருந்தது. 1964-இல்தான் அது 12 மாதமானது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் கடைசிவரை 6 மாதம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி 3 ஆண்டு. ஒப்பந்தம் அல்லது தீர்ப்பின்படி வர வேண்டிய பணத்தை அரசு வழியாக வசூலிக்க, தொழிற்தகராறுகள் சட்டத்தில் ஓராண்டு. கிராஜுவிட்டிக்கு 30 நாள், பிறகு 90 நாள். எந்தப் பாக்கி எந்தச் சட்டத்தில் வரும் என்பதில் வழக்கறிஞர்களுக்கே கருத்து வேறுபாடு வரும்போது, எட்டாம் வகுப்போடு நூற்பாலைக்கு வந்தவர் எப்படித் தேதியைப் பிடிப்பார்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதில் கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கின்றன. ஊதியத் தொகுப்பின்படி சம்பளம், போனஸ் சார்ந்த கோரிக்கைகளுக்கு 3 ஆண்டு கிடைக்கிறது. தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் மனுவை ஏற்கலாம். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமல்லாமல் ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 3 ஆண்டும் கோரிக்கை எழுந்த நாளிலிருந்தே ஓடுகிறது. நீளம் கூடியிருக்கிறது; தொடங்கும் இடம் மாறவில்லை.

2. கடன் சாவதில்லை

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலவரம்பு கடந்தால் பணம் முதலாளிக்குச் சொந்தமாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தொழிலாளிகளும் நினைக்கிறார்கள், அதுதான் வருத்தம். காலவரம்பு நீதிமன்றத்துக்குப் போகும் வழியைத்தான் அடைக்கிறது. கடன் அப்படியே நிற்கிறது. காலங்கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகும் ஒப்பந்தம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது.

இது ஏட்டளவில் நின்ற தத்துவம் அல்ல. தொழிலாளி வாங்காமல் விட்ட சம்பளத்தை நல நிதிக்கு மாற்ற வேண்டும் என்று பம்பாய் மாநிலம் 1953-இல் ஒரு சட்டம் போட்டது. பாம்பே டையிங் நிறுவனம் அதை எதிர்த்துப் போய், 1957-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. எந்த வாதத்தால் வென்றது தெரியுமா? காலவரம்பு கடந்தாலும் தொழிலாளிக்கு நிறுவனம் பட்ட கடன் தீரவில்லை. அதை நல நிதிக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு தொழிலாளிக்கும் எப்படிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். கடன் உயிரோடு இருக்கிறது என்பது முதலாளிக்குச் சாதகமாகப் பேசப்பட்ட இடம் அது! தமிழ்நாட்டிலும் 1972-இல் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. 3 ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எத்தனை நிறுவனங்கள் தாமாக முன்வந்து இந்தக் கணக்கை ஒப்படைக்கின்றன என்பதைத் தொழிற்சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். கேட்பாரற்ற பி.எஃப். போன்ற சேமிப்புகளை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்ற 2015-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வழி செய்தது. கணக்கு செயலற்றதான பிறகு 7 ஆண்டு காத்திருந்துதான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் 25 ஆண்டு வரை உரியவர் வந்து கேட்கலாம். அரசு தன் கையில் உள்ள தொழிலாளியின் பணத்துக்கு இத்தனை பொறுமை காட்டுகிறது. தனியார் கையில் உள்ள பணத்துக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

3. கிராஜுவிட்டிச் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது

நான் சொல்லும் கருத்து புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. தொகுப்புகள் வரும்வரை நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வழங்கல் சட்டத்தில் அதன் விதை இருந்தது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் வாங்கியவர், 18 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்துவிட்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை முழு ஆண்டாக எடுப்பதால் 19 ஆண்டு. 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் வீதம் 7,500. பத்தொன்பதால் பெருக்கினால் 1,42,500 ரூபாய். இந்தக் கணக்குப் போட மூன்று விவரம் போதும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளத்தில் எது அடிப்படை, எது படி என்ற பிரிப்பு. மூன்றும் யாரிடம் இருக்கின்றன? ஆலையின் பதிவேட்டில். தொழிலாளிக்குச் சேர்ந்த ஆண்டு நினைவிருக்கும். ஆனால் முதல் இரண்டு ஆண்டு அவரை ‘அப்ரண்டிஸ்’ என்று எழுதியிருந்தார்களா, ஒப்பந்தக்காரர் கணக்கில் வைத்திருந்தார்களா என்பது அவருக்குத் தெரியாது.

சட்டம் இதை உணர்ந்திருந்தது. தொழிலாளி விண்ணப்பம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், முதலாளியே தொகையைக் கணக்கிட்டுத் தொழிலாளிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. தாமதித்தால் வட்டி, அது 10 சதவீதத் தனி வட்டி என்று 1987-இல் அறிவிக்கப்பட்டது. தாமதம் தொழிலாளியின் தவறால் வந்தது என்று அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி பெற்றிருந்தால் ஒழிய வட்டியிலிருந்து தப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டு விதிகள் இன்னொரு படி மேலே போயின. 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கிராஜுவிட்டிக் கோரிக்கையும் செல்லாததாகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தன.

பிறகு ஏன் ‘பாதி வழி’ என்கிறேன்? அதே விதிகளின்படி தொழிலாளியின் விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் முதலாளி ‘எல்’ படிவத்தில் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது ‘எம்’ படிவத்தில் மறுப்பைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ, தொகையைக் குறைத்துச் சொன்னாலோ 90 நாளுக்குள் ‘என்’ படிவத்தில் அதிகாரியிடம் போகலாம். இதுவரை சரி. எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டால்? அப்போதும் அதே 90 நாள். காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்பது உண்மை. ஆனால் மன்னிப்புக் கேட்கும் நிலையில் நிற்பவர் தொழிலாளி. கடமையைச் செய்யாத முதலாளி எதிரே அமர்ந்து, ‘மனு காலங்கடந்தது’ என்று பதில் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுகிறார்.

நடைமுறையில் ‘எல்’ படிவம் என்ற ஒன்றைக் கண்ணால் கண்ட தொழிலாளி அபூர்வம். அவர் காண்பது வேறு. ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதை நீட்டுவார்கள். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். ‘எனக்கு நிர்வாகத்திடமிருந்து வேறு எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரி மட்டும் அச்சில் தெளிவாக இருக்கும். “ஸ்டாம்ப் மேல கையெழுத்துப் போடுங்கண்ணே, ஆடிட்டர் வந்ததும் செக் போட்டுடலாம்.” ஆடிட்டர் வருவார், போவார். தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும், மார்ச் கணக்கு முடியட்டும். அண்ணனும் நம்பிக் காத்திருப்பார். அடுத்த ஆலையில் வேலை கேட்கும்போது, ‘அந்த ஆள் கேஸ் போடுகிறவன்’ என்ற பேர் வந்துவிடுமோ என்ற பயமும் அவருக்கு உண்டு. மகன் அதே ஆலையில் வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இந்த இடத்தில் செய்யும் வேலையைப் பாருங்கள். கடனை ஒப்புக்கொண்டு, காலம் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிய காலம் தொடங்கும். வாயால் சொன்னால் தொடங்காது. ஆக, நேர்மையாக ஒரு தாளில் ‘இவ்வளவு தர வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்த முதலாளிக்குக் கெடு நீள்கிறது. ‘தர்றேன் தர்றேன்’ என்று வாயாலேயே நாளை ஓட்டியவருக்குக் கெடு முடிந்து நிம்மதி வருகிறது. எழுதாமல் இருப்பதற்குச் சட்டமே பரிசு தருகிறது. 10 சதவீதத் தனி வட்டியும் இதைத் தடுக்காது. நம் கணக்கில் வந்த 1,42,500 ரூபாய்க்கு ஆண்டுக்கு 14,250 ரூபாய். ஈடு இல்லாமல், மேலாளர் முன் கைகட்டி நிற்காமல், கூட்டு வட்டி இல்லாமல் இப்படி ஒரு கடன் எந்தச் சிறு ஆலைக்கு வங்கியில் கிடைக்கும்?

4. பூட்டு இல்லாத வாசல்

தொகுப்புகள் வரும்வரை நடைமுறையில் இருந்த தொழிற்தகராறுகள் சட்டத்தின் 33சி(2) பிரிவு எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. தொழிலாளிக்கு வர வேண்டிய பணத்தை அல்லது பணமாகக் கணக்கிடக்கூடிய சலுகையைத் தொழிலாளர் நீதிமன்றம் கணக்கிட்டுத் தரலாம் என்றது அது. கெடு எதுவும் வைக்கவில்லை. பாம்பே கேஸ் கம்பெனி வழக்கில் 1963-இல் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பழைய பாக்கியை இத்தனை ஆண்டு கழித்துக் கேட்பது அநியாயம் என்றது நிர்வாகம். நீதிபதி கஜேந்திரகட்கர் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் மறந்துவிட்டதாக எண்ண முடியாது, தொழிலாளர்கள் தங்கள் உரிமையை எப்போதும் அறிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாததால் வேண்டுமென்றே கெடு வைக்காமல் விட்டிருக்கலாம் என்ற பொருளில் அவர் எழுதினார். 

அடுத்த ஆண்டே, 1964-இல், நாடாளுமன்றம் இந்த 33சி பிரிவை மாற்றி எழுதியது. முதல் உட்பிரிவில் ஓராண்டுக் கெடுவைச் சேர்த்தது; இரண்டாவதைத் தொடவில்லை. முதலாவதில் தொகை ஏற்கெனவே தெரியும், இரண்டாவதில் தொகையே இனிமேல்தான் கணக்கிடப்பட வேண்டும். தொகை தெரிந்த இடத்தில் கெடு, தெரியாத இடத்தில் கெடு இல்லை. என் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தேவையில்லை. 1969-இல் அத்தாணி நகர்மன்ற வழக்கில், காலவரையறைச் சட்டத்தின் 137-ஆம் உறுப்பும் இதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவரும், நீக்கத்துக்கு முன் சேர்ந்த பாக்கிக்கு இங்கே வரலாம் என்பது 1972-இல் தீர்ந்தது.

ஆனால் இந்த வாசல் குறுகலானது. உரிமை உண்டா இல்லையா என்பதிலேயே தகராறு என்றால் 33சி(2)-இல் நுழைய முடியாது என்று 1994-இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் தீர்ப்பானது. ‘நீ என் தொழிலாளியே இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும், தொழிலாளி வேறு வாசலைத் தேட வேண்டும். அந்த வேறு வாசல்கள் இப்போது இறுகி வருகின்றன. தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அதிகாரி அதை எடுக்கக் கூடாது என்கிறது தொழில் உறவுகள் தொகுப்பு. பி.எஃப். பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணைக்கு 1952-ஆம் ஆண்டின் சட்டத்தில் கெடு கிடையாது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 5 ஆண்டு என்று வைத்துவிட்டது. தன் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். கட்டப்படவே இல்லை என்பது பல தொழிலாளிகளுக்கு ஓய்வு பெறும் நாளில்தான் தெரிகிறது.

பென்ஷன் கதை சற்று வேறு. அது மாதாமாதம் வர வேண்டியது. ஒவ்வொரு மாதமும் புதிய பாக்கி. 1983-இல் உடல்நலக் குறைவால் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு வீரர் 1999-இல்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் உண்டு, பழைய பாக்கி மட்டும் வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. நடுவில் போன ஆண்டுகளின் பணம் அரசிடமே நின்றுவிட்டது. அவருக்கு என்ன சேர வேண்டும் என்று அந்த ஆண்டுகளில் யாராவது எழுத்தில் சொன்னார்களா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியத்துவம் இல்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

5. முதலாளி தரப்பு

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது பேரை வைத்து விசைத்தறி ஓட்டுகிறவரும் முதலாளிதான். பாகஸ்தர் பிரிந்திருப்பார், கணக்குப்பிள்ளை இறந்திருப்பார். பதினைந்து ஆண்டு கழித்து ஒருவர் வந்து ஓவர்டைம் பாக்கி என்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது? சம்பளப் பட்டுவாடாச் சட்டமே பதிவேடுகளைக் கடைசிப் பதிவிலிருந்து 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றது. அதற்குப் பிறகு பழைய பேப்பர்காரரிடம் போட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த நியாயத்தை முழுதாக ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறேன். அவருக்குத் தேவை ஒரு முடிவு. ஒரு நாளில் இந்தக் கணக்கு தீர்ந்தது என்ற நிச்சயம். அதை அடைய அவர் செய்ய வேண்டியது ஒரு தாளில் கணக்கை எழுதித் தொழிலாளியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குவதுதான். அந்த நாளிலிருந்து 3 ஆண்டு. பிறகு பதிவேட்டைத் தூக்கிப் போடலாம். நேர்மையான முதலாளிக்கு இது இன்றைய நிலையைவிடக் கூடுதல் பாதுகாப்பு.

மூடிய ஆலைகளின் சங்கதி கடினமானது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில், கலைப்புத் தொடங்கியதற்கு முந்தைய 24 மாதப் பாக்கிக்கு மட்டுமே தொழிலாளிகளுக்கு முன்னுரிமை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கு 12 மாதம்தான். இதற்குக் காலவரம்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு சம்பளம் போடாமல் ஆலையை இழுத்துக்கொண்டு போனவரின் தொழிலாளிக்கு இது மூன்று ஆண்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது என்ற பாதுகாப்பு இருக்கிறது. நிதி என்று ஒன்றைத் தனியே ஒதுக்கி வைக்காத ஆலையில் அந்தப் பாதுகாப்பு எதைக் காக்கும் என்று மாணவர்கள் யோசித்து வையுங்கள். தேர்வுக்கு வரக்கூடிய கேள்வி.

6. கேட்பது ஒரு வரிதான்

தொகுப்புகளின்கீழ் விதிகள் எழுதும் அதிகாரம் மாநில அரசுகளுக்கும் உண்டு. ஆனால் விதியால் சட்டத்தின் கெடுவை மாற்ற முடியாது. ஆகவே இரண்டு அடுக்கில் கேட்க வேண்டும்.

நாடாளுமன்றத்திடம் கேட்பது இது: ‘பணியிலிருந்து விலகியவருக்குச் சேர வேண்டிய தொகைகளின் முழுக் கணக்கை முதலாளி எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறும்வரை, அத்தொகைகள் குறித்த எந்தக் கோரிக்கைக்கும் காலவரம்பு தொடங்காது.’ அவ்வளவுதான். காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இதற்கு முன்மாதிரி உண்டு. உரிமையை நிறுவத் தேவையான ஆவணத்தை எதிராளி மோசடியாக மறைத்திருந்தால், அது வெளிப்படும்வரை காலம் ஓடாது என்று அது சொல்கிறது. அங்கே மோசடியை நிரூபிக்க வேண்டும். கணக்குக் கொடுப்பதைச் சட்டமே கடமையாக்கியுள்ள இடத்தில், கொடுக்கவில்லை என்பதே போதுமானதாக இருக்க வேண்டும்.

மாநில அரசிடம் கேட்பது இன்னும் சிறியது. விலகும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பக்கக் கணக்குப் படிவம், தமிழில். சேர்ந்த தேதி, விலகிய தேதி, அடிப்படை, அகவிலைப்படி, மீதமுள்ள விடுப்பு, போனஸ், கிராஜுவிட்டி, பி.எஃப். கட்டிய கடைசி மாதம். கீழே, இதில் தகராறு இருந்தால் எந்த அலுவலகத்துக்கு, எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்ற முகவரியும் தேதியும். ஆய்வாளர் வரும்போது பார்க்கும் பதிவேடுகளில் இதன் நகலும் ஒன்றாக இருக்க வேண்டும். கலைப்பில் உள்ள நிறுவனமானால் கலைப்பாளர் அதைக் கொடுக்க வேண்டும்; அவர் கையில்தானே பதிவேடு இருக்கிறது.

இதெல்லாம் எப்போது வரும் என்று முன்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். வரும்வரை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேலையை விட்ட முதல் மாதத்திலேயே, பாக்கி அனைத்தையும் கேட்டு ஒரு விண்ணப்பத்தை ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தொகை எழுதாத ரசீதில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தர்றேன்’ என்று சொல்கிறவரிடம், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், இன்ன தேதியில் கேட்டேன், இன்னார் மறுத்தார் என்று நீங்களே அவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். ஏற்கெனவே 90 நாள் கடந்தவர்கள் தாமத மன்னிப்பு மனுவோடு அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். அப்படி மனு போட வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், இங்குள்ள மாணவர்களைக் கொண்டே எழுதிவிடலாம்.